இரைப்பை பைபாஸுக்குப் பிறகு மூட்டு வலியோடு நான்கு ஆண்டுகள்

2021 பிப்ரவரியில் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்கு உடல் எடையைக் குறைப்பதற்கான இரைப்பை பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. அப்போது எனக்கு 47 வயது. உயரம் 156 செ.மீ., எடை 118 கிலோ. சர்க்கரை நோயைக் காட்டித்தான் மருத்துவர்கள் இந்தச் சிகிச்சையை வற்புறுத்தினார்கள் என்றாலும், நான் சம்மதித்தது என் முழங்கால்களுக்காக. திண்டுக்கல்லில் நான் வேலை பார்க்கும் அரசு அலுவலகம் முதல் மாடியில் இருக்கிறது, 22 படிகள். தினமும் காலையில் அந்தப் படிகளின் அடியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு சிறிது நேரம் நின்ற பிறகே ஏறத் தொடங்குவேன். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் நடக்கையில் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறையும் என்று எலும்பு மருத்துவர் சொல்லியிருந்தார். ஊர் திரும்பும் பேருந்தில் 40 கிலோவுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 160 கிலோ வந்தது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் அறுவை அரங்குக்குள் போனேன்.

கணக்கு பொய்க்கவில்லை. முதல் ஆண்டில் 38 கிலோ குறைந்தது. சர்க்கரை மாத்திரைகளை மருத்துவரே நிறுத்தினார். எட்டாவது மாதத்தில் கைப்பிடியைத் தொடாமல் படியேறினேன். ஆனால் முழங்காலில் ஏற்கெனவே தேய்ந்துபோயிருந்த குருத்தெலும்பு, எடை குறைந்ததால் மீண்டும் வளர்ந்துவிடவில்லை. இரண்டாம் ஆண்டில் வலது முழங்கால் பழையபடி வலிக்கத் தொடங்கியது, அதோடு முன்பு இல்லாத இடுப்பு வலியும் சேர்ந்துகொண்டது. "இவ்வளவு இளைச்சும் இன்னுமா வலி போகல?" என்று உறவினர்கள் கேட்டபோதெல்லாம், நான்தான் எதையோ சரியாகச் செய்யவில்லை என்று உள்ளுக்குள் குறுகிப்போனேன். அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகும் வலியோடு இருப்பவர்களுக்கு முதலில் இதைச் சொல்ல விரும்புகிறேன்: வலி தொடர்வது உங்கள் குற்றம் இல்லை. எடை இறங்கும்போது வலியின் ஒரு பகுதி இறங்கும். எஞ்சியிருப்பது எங்கிருந்து வருகிறது என்பதைத் தனியாகத் தேட வேண்டியிருக்கும்.

அந்தத் தேடலுக்கு முன்னால் எனக்கு ஒரு கதவு அடைபட்டிருந்தது. அறுவை சிகிச்சைக்கு முன் பதினோரு ஆண்டுகளாக, வலி அதிகமான நாட்களில் அசெக்லோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டே வேலைக்குப் போய்வந்தவள் நான். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில், இனி அந்த வகை மாத்திரைகளைத் தொடவே கூடாது என்று சொன்னார்கள். தலையாட்டினேன். ஏன் என்பது மட்டும் அன்று எனக்குப் புரியவில்லை. புரிந்திருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது என்பதால் அதைச் சற்று விளக்கமாகவே எழுதுகிறேன்.

இரைப்பை பைபாஸில் இரைப்பையின் மேல் பகுதியை மட்டும் ஏறக்குறைய 30 மில்லி கொள்ளும் சிறு பையாகப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைக்கிறார்கள். இரைப்பையின் மீதிப் பகுதியை வெட்டி எடுப்பதில்லை. உணவு அந்த வழியாகப் போவதில்லை, அவ்வளவுதான். சிக்கல் அந்த இணைப்பில் இருக்கிறது. இரைப்பையின் உட்சுவர் அமிலத்தைத் தாங்குவதற்கென்றே அமைந்தது. அதோடு இணைக்கப்பட்ட சிறுகுடலின் சுவருக்கு அந்த வலு கிடையாது. புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்தான் உட்சுவரின் மேல் வழவழப்பான பாதுகாப்புப் படலத்தையும் அங்கே செல்லும் ரத்த ஓட்டத்தையும் காத்துவருகிறது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசெக்லோஃபெனாக், நாப்ராக்சென் முதலிய வலி நிவாரணிகள் வேலை செய்வதே உடலில் அந்தப் பொருள் உருவாவதைக் குறைத்துத்தான். வீக்கமும் வலியும் குறையும்போது இணைப்பின் காப்பும் சேர்ந்தே குறைந்துவிடுகிறது. அங்கே புண் உண்டாகலாம், ரத்தம் கசியலாம், சிலருக்கு ஓட்டையே விழலாம். புகைபிடிப்பவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

2022 நவம்பரில், மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில், அலுவலகத்தில் பழைய பதிவேடுகளை ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு மாற்றியபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. மதுரைக்குப் போக உடம்பு இடம் கொடுக்காததால் வீட்டுக்கு அருகில் இருந்த கிளினிக்குக்குப் போனேன். "பைபாஸ் பண்ணியிருக்கேன் டாக்டர்" என்று முன்கூட்டியே சொன்னேன். "எத்தனை வருஷம் ஆச்சும்மா? ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று அவர் கேட்டபோதுதான், இதயத்தில் செய்த பைபாஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது புரிந்தது. நம் ஊரில் பைபாஸ் என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது இதயம்தான். வயிற்றில் செய்தது, வலி மாத்திரை சேராது என்று விளக்கினேன். "அப்ப மாத்திரை வேண்டாம்மா, ஊசியே போட்டுடுறேன், அது வயித்துக்குப் போகாது" என்றார். கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. அவர் போட்டது டைக்ளோஃபெனாக் ஊசி. அரை மணி நேரத்தில் வலி இறங்கி, அன்றிரவு பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

ஊசியாகப் போட்டாலும் அந்த மருந்து ரத்தத்தின் வழியே உடல் முழுவதும் சென்று அதே புரோஸ்டாகிளாண்டினைத்தான் குறைக்கிறது. மாத்திரை இரைப்பையில் கரைவது ஆபத்தின் ஒரு சிறு பங்கு மட்டுமே. இது தெரியவில்லை என்று அந்த மருத்துவர் மீது மட்டும் பழி போட முடியாது. அடுத்த ஆறு வாரங்களில் எட்டு முறை நானாகவே அந்த ஊசிக்காகப் போய் நின்றேன், என் அறுவை சிகிச்சை மருத்துவருக்கு ஒரு தொலைபேசி அழைப்புகூடச் செய்யாமல். பொங்கலுக்கு முந்தைய வாரம் சாப்பிட்டவுடன் மேல் வயிற்றில் எரிச்சலும் குமட்டலும் தொடங்கின. மலம் தார் போலக் கறுப்பாகப் போனதை இரும்புச்சத்து மாத்திரையால் என்று எண்ணி நான்கு நாட்கள் சும்மா இருந்துவிட்டேன். படியேறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்த பிறகே மதுரைக்கு அழைத்துப் போனார்கள். ஹீமோகுளோபின் 8.1 ஆக இறங்கியிருந்தது. எண்டோஸ்கோப்பியில் இணைப்பின் மேல் புண் தெரிந்தது.

அமிலத்தைக் குறைக்கும் கேப்ஸ்யூலைத் திறந்து, உள்ளிருப்பதை மட்டும் விழுங்கச் சொன்னார்கள்; சிறு பையில் உணவும் மருந்தும் அதிக நேரம் தங்குவதில்லை என்பதால், திறந்து சாப்பிட்டால் புண் விரைவில் ஆறுகிறது என்றார் மருத்துவர். புண்ணின் மேல் படலமாகப் படியும் சுக்ரால்ஃபேட் திரவ மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து மீண்டும் எண்டோஸ்கோப்பி செய்து, ஆறிவிட்டது என்று உறுதிசெய்தார்கள். அந்த மூன்று மாதங்களும் முழங்கால் வலியும் இடுப்பு வலியும் எங்கேயும் போகவில்லை. உண்மையில் அப்போதுதான் வலியை எப்படிக் கையாள்வது என்று நான் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் செய்தது, கைப்பைக்குள் ஓர் அட்டை. தடித்த தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, நனையாமல் இருக்க லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். இரைப்பையில் பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்துள்ளது (இதயத்தில் அல்ல), நடந்த மாதம், ஆண்டு, இணைப்பில் புண் வந்து ஆறியிருக்கிறது, கொடுக்கக் கூடாத மருந்துகளின் பெயர்கள், ஊசியாகவும் வேண்டாம், அறுவை சிகிச்சை மருத்துவரின் எண். இவ்வளவுதான் அதில் இருக்கிறது. "வலி மாத்திரை சேராது" என்று வாயால் சொல்வதைவிட மருந்தின் பெயரை எழுதிக் காட்டுவது நூறு மடங்கு பயன் தருகிறது. ஏனென்றால் நம் மருந்துக் கடைகளில் ஒரே மாத்திரைக்குள் இரண்டு மூன்று மருந்துகள் கலந்திருப்பது சாதாரணம். "பாராசிட்டமால்தான்மா" என்று கொடுக்கும் மாத்திரை அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் ஐபுப்ரோஃபெனோ அசெக்லோஃபெனாக்கோ இருக்கும். இப்போது மாத்திரை அட்டையின் பின்புறத்தைப் படிக்காமல் எதையும் வாங்குவதில்லை. மூட்டு வலிக்கென்று பெயரே ஒட்டாமல் பொட்டலத்தில் விற்கும் பொடிகளையும் என் வீட்டுக்குள் விடுவதில்லை. அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்த சம்பவங்கள் உண்டு, ஸ்டீராய்டும் புண்ணுக்கு நல்லதல்ல. இதய நோய்க்காகக் குறைந்த அளவு ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் மட்டும் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அதை இதய மருத்துவரும் அறுவை சிகிச்சை மருத்துவரும் பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும். ஸ்லீவ் முறையில் இரைப்பையைக் குறைத்துக்கொண்டவர்களுக்கு அந்த இணைப்பு கிடையாது என்பதால் விதிகள் சற்று வேறுபடும். அவர்களும் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வதே சரி.

இப்போது நான் நம்பியிருப்பது பாராசிட்டமாலை. வலி உச்சத்துக்குப் போன பிறகு ஒன்றைப் போட்டுவிட்டு இது வேலை செய்யவில்லை என்று முன்பு ஒதுக்கிவைத்திருந்தேன். வலி கூடும் நாட்களில் காலையிலிருந்தே 500 மில்லிகிராம் மாத்திரையை மருத்துவர் சொன்ன இடைவெளியில் எடுத்துக்கொள்ளும்போது அது வேறு மருந்துபோல உதவுகிறது. எனக்கு அவர் வகுத்துத் தந்த எல்லை நாளொன்றுக்கு 3 கிராம். சளிக்காகச் சாப்பிடும் மாத்திரையில் உள்ள பாராசிட்டமாலும் அந்தக் கணக்கில் சேரும், கூடினால் கல்லீரலுக்குத் தீங்கு. முழங்காலுக்கு டைக்ளோஃபெனாக் களிம்பைத் தடவலாமா என்று கேட்டதற்கு, தோலின் வழியே ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு என்றாலும் புண் வந்தவள் என்பதால் எனக்கு வேண்டாம் என்றார். மிளகாயிலிருந்து எடுக்கும் கேப்சைசின் களிம்பை எழுதிக்கொடுத்தார். முதல் வாரம் நன்றாக எரியும், பொறுத்துக்கொண்டால் பிறகு பலன் தெரியும். தடவிய கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் கண்ணருகே கொண்டுபோகக் கூடாது.

மாத்திரையின் வகையும் முக்கியம் என்பதைக் காலம் கடந்தே அறிந்தேன். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., ஈ.ஆர்., எக்ஸ்.ஆர். என்று இருந்தால் அது குடலில் நெடுநேரம் பயணித்து மெல்ல மெல்லக் கரைவதற்காகச் செய்யப்பட்டது. பைபாஸில் குடலின் தொடக்கப் பகுதியை உணவு தாண்டிப் போய்விடுவதால், அத்தகைய மாத்திரை முழுதாகக் கரைந்து உடலில் சேரும் என்று உறுதியில்லை. என் இடுப்பு வலிக்கு எழுதப்பட்ட ஒரு மருந்து இந்த வகையில் இருந்ததால், அதையே சாதாரண மாத்திரையாக மாற்றி, நாளுக்கு ஒன்று என்பதை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட மாத்திரைகளை வீட்டிலேயே உடைத்தோ பொடித்தோ சாப்பிடுவது ஆபத்து, நாள் முழுவதற்குமான அளவு ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

டிராமடாலைப் பற்றியும் மறைக்காமல் எழுத வேண்டும். புண் ஆறிக்கொண்டிருந்த காலத்தில் மூன்று வாரத்துக்கு அதை எழுதிக்கொடுத்தார்கள். இரண்டாம் வாரத்தின் முடிவில், வலி இல்லாத மாலையிலும் அடுத்த மாத்திரைக்கான நேரம் எப்போது வரும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததை உணர்ந்தேன். முன்பு உணவில் கிடைத்த ஆறுதல் இல்லாமல் போன வெற்றிடத்தில் மது, மாத்திரை போன்ற வேறு பழக்கங்கள் வந்து உட்காரும் ஆபத்து, இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு உண்டு. 2018 முதல் நம் நாட்டில் டிராமடால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் இருப்பது காரணமில்லாமல் இல்லை. மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொன்னேன். அவர் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். தேவைப்படுகிறவர்கள் குறுகிய காலத்துக்கு அதை எடுத்துக்கொள்வது தவறில்லை, ஆனால் எந்தத் தேதியில் நிறுத்தப்போகிறோம் என்பதைத் தொடங்கும் நாளிலேயே கேட்டுவிட வேண்டும்.

2023 ஜூன் வாக்கில் புதிய வலி ஒன்று வந்தது. கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடையிலுள்ள எலும்பை விரலால் அழுத்தினால் உயிர் போயிற்று. விலா எலும்புகள் வலித்தன. தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. மூட்டுத் தேய்மானம் முற்றிவிட்டது என்றே நானும் வீட்டாரும் நினைத்தோம். என் பிசியோதெரபிஸ்ட், என் மகள் வயதுப் பெண், "இது மூட்டு வலி மாதிரி தெரியலம்மா, எலும்பே வலிக்குது. ரத்தம் பாருங்க" என்று பிடிவாதமாகச் சொன்னாள். வைட்டமின் டி 9 நானோகிராம்தான் இருந்தது. குறைந்தது 30 இருக்க வேண்டும். எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கச் செய்யும் பாராதைராய்டு ஹார்மோன் எகிறியிருந்தது. ரத்தத்தில் கால்சியம் மட்டும் சரியாக இருந்தது. அந்தச் சரியான எண்ணைப் பார்த்துத்தான் ஓராண்டுக்கு முன் கால்சியம் மாத்திரைகளை நானாக நிறுத்தியிருந்தேன். உணவிலிருந்து கால்சியம் கிடைக்காதபோது உடல் அதை எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்தின் அளவைச் சரியாக வைத்துக்கொள்கிறது. ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கும்போதே எலும்பு உள்ளே மெலிந்துகொண்டிருக்கும். ஆகவே கால்சியத்தை மட்டும் பார்த்து நிம்மதி அடையாமல் வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன் இரண்டையும் ஆண்டுதோறும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

நான் முன்பு சாப்பிட்டதிலும் தவறு இருந்தது. கால்சியம் கார்பனேட் கரைவதற்கு அமிலம் தேவை. சிறு பையில் அமிலம் குறைவு, அதையும் குறைக்கும் மருந்து வேறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பைபாஸுக்குப் பிறகு கால்சியம் சிட்ரேட்தான் ஏற்றது. நாளொன்றுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் என்றால் அதை ஒரே தடவையில் விழுங்கக் கூடாது. 500 மில்லிகிராம் அளவில் மூன்று வேளையாகப் பிரித்தால்தான் உடலில் சேரும். இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் காலைக் காபியோடு சேர்த்தே போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒன்றையொன்று தடுக்கும், காபியும் இரும்பைத் தடுக்கும். இப்போது இரும்பு படுக்கப்போகும் முன், கால்சியம் காலை, மதியம், மாலை. எலும்பு வலி முழுதாக அடங்க ஐந்து மாதங்கள் பிடித்தன, எந்த வலி மாத்திரையும் இல்லாமல். பாதங்களில் ஊசி குத்துவது போன்ற எரிச்சலும் அதே பரிசோதனையில் பி12 குறைபாடு என்று தெரிந்து, மாதம் ஒரு ஊசியில் குறைந்தது. தொடர்ந்து வாந்தி இருப்பவர்களுக்குப் பாத எரிச்சலும் தடுமாற்றமும் வந்தால் பி1 குறைபாடாக இருக்கலாம். அதற்கு நாள் கடத்தக் கூடாது.

இடுப்பு வலிக்குக் காரணம் வேறாக இருந்தது. குறைந்த 40 கிலோவில் கொழுப்போடு சேர்ந்து தசையும் போயிருந்தது. முதுகைத் தாங்கிப் பிடிக்கும் தசைகளுக்கு வலு இல்லை. கஞ்சியும் ரசமும் எளிதாக இறங்குகின்றன என்று அவற்றிலேயே ஓராண்டை ஓட்டியிருந்தேன். புரதம் நாளொன்றுக்கு 60 கிராமாவது வேண்டும் என்பதற்காக இப்போது தட்டில் முதலில் முட்டை, மீன், பனீர், சுண்டல் இவற்றில் ஒன்றைச் சாப்பிட்டு முடித்த பிறகே சோற்றில் கை வைக்கிறேன். படுத்தபடி காலை நீட்டித் தூக்குவது, மடித்த கால்களோடு இடுப்பை உயர்த்தி நிறுத்துவது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுவது; இந்த மூன்று பயிற்சிகளும் தினமும் இருபது நிமிடம். நான்காம் மாதத்தில்தான் வித்தியாசம் தெரிந்தது. அதற்குள் பலர் விட்டுவிடுவதைப் பிசியோதெரபி கூடத்திலேயே பார்த்தேன், அது என்னை வருத்தியது.

வீட்டிலும் சில மாற்றங்கள். குந்தி உட்காரும் கழிப்பறைக்குப் பதிலாக மேற்கத்திய வகை. சமையலறையில் ஓர் உயரமான முக்காலி. பூஜைக்குத் தரையில் சம்மணம் போடாமல் நாற்காலி. கோலத்தை வெள்ளிக்கிழமைக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டது மனத்துக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. வலது முழங்கால் வலிக்கும் நாட்களில் கைத்தடியை இடது கையில் பிடிக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. மாலையில் வறுத்த கல்லுப்பைத் துணியில் முடிந்து அம்மா கொடுத்த ஒத்தடம் இன்றும் இடுப்புக்கு இதமாக இருக்கிறது, அதனால் எந்தக் கெடுதலும் இல்லை.

தினசரி நாட்காட்டியில் கிழிக்கும் தாளின் பின்பக்கத்தில் அன்றைய வலி எங்கே, எப்போது, என்ன செய்த பிறகு என்று இரண்டு வரி எழுதி ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறேன். மருத்துவரிடம் "எப்பவும் வலிக்குது டாக்டர்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், இப்போது மூன்று மாதத் தாள்களைக் கொண்டுபோகிறேன். முழங்கால் வலி படியால், இடுப்பு வலி உட்கார்ந்தே இருப்பதால், எலும்பு வலி எதனாலும் அல்லாமல் நாள் முழுதும் என்று பிரித்துப் பார்க்க உதவியவை அந்தத் தாள்கள்தான்.

வயிற்று வலிக்கு மட்டும் தாளில் எழுதிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. பைபாஸ் செய்தவர்களுக்குக் குடல் உள்ளேயே ஓர் இடைவெளியில் புகுந்து சிக்கிக்கொள்ளக்கூடும், ஆண்டுகள் கழித்தும். வேகமாக இளைத்தவர்களுக்குப் பித்தப்பையில் கல் உருவாகலாம். திடீரென்று முறுக்கிப் பிடிக்கும் கடும் வயிற்று வலியோ, கறுத்த மலமோ, ரத்த வாந்தியோ வந்தால் அருகிலுள்ள கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு வீட்டில் காத்திருக்காமல், ஸ்கேன் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு, முடிந்தால் அறுவை சிகிச்சை செய்த இடத்துக்கே போக வேண்டும்.

இப்போது எடை 76 கிலோ. வலது முழங்காலை மாற்றும் அறுவை சிகிச்சைக்கு வரும் தை மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். 118 கிலோவில் இருந்தபோது ஆபத்து அதிகம் என்று தள்ளிவைத்த அதே எலும்பு மருத்துவர்தான் செய்கிறார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு வலிக்கு என்னென்ன மருந்து தருவார்கள் என்பதை மயக்க மருத்துவரோடு உட்கார்ந்து முன்கூட்டியே எழுதி வாங்கிவிட்டேன். சென்ற மாதம் கடைவாய்ப்பல் பிடுங்கியபோது பல் மருத்துவர் ஐபுப்ரோஃபென் எழுதத் தொடங்கினார். அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, எழுதியதை அடித்து, பாராசிட்டமால் என்று எழுதினார். பிறகு தன் கைப்பேசியில் அந்த அட்டையைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.